மூன்றாம் பத்தி

பம்ப் காட்டேஜ்,
நெதர் கார்வி, ஷ்ராப்ஷயர்.
12 ஏப்ரல் 1994

மதிப்பிற்குரிய திரு, திருமதி ஹாட்ச் அவர்களுக்கு,

நம் இரு வீட்டுக்கும் நடுவில் இருந்த உயிர்வேலியைப் பற்றி எழுதுகிறேன். 'இருந்த' என்பதை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். நேற்றுக் காலை நான் டவுனுக்குக் கிளம்பியபோது அது ஏழடி உயரம் இருந்தது. மதியம் திரும்பி வந்தபோது என் இடுப்பளவுக்கு வந்திருந்தது. என்ன நடந்தது என்று கடைக்காரத் திருமதி கிட்டின்ஸிடம் கேட்டேன். "அந்த அமெரிக்கா மிஷனரிதாங்க வெட்டினாரு. பாட்டுப் பாடிக்கிட்டே வெட்டினாரு" என்றார். பாட்டைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

இந்த நாட்டில் ஏப்ரல் மாதம் யாரும் வேலியை வெட்டுவதில்லை. குருவிகள் கூடு வைக்கும் மாதம். அந்த வேலியிலும் ஒரு கூடு இருந்தது. தவிர, அந்த வேலி கவனிக்க ஆளில்லாமல் வளர்ந்ததல்ல. வளரட்டும் என்று விடப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் உங்கள் ஐடஹோ தூரம்தான்.

நீங்கள் குடிவந்த இந்த ஆறு வாரத்தில் என் கதவை நான்கு முறை தட்டியிருக்கிறீர்கள். இருமுறை துண்டுப் பிரசுரத்தோடு, ஒருமுறை பிஸ்கட்டோடு, நேற்று மாலை மன்னிப்போடு. இனி எந்தக் காரணத்துக்காகவும் என் கதவைத் தட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்ல வேண்டியது இருந்தால் எழுதிக் கதவிலுள்ள தபால் துவாரத்தில் போடலாம். பதில் வரும். வழியில் எதிர்ப்பட்டால் வானிலையைப் பற்றிப் பேசிக்கொள்ளத் தடையில்லை.

நேற்றிலிருந்து உங்கள் சமையலறை ஜன்னல் என் சமையலறை ஜன்னலுக்கு நேரே தெரிகிறது. மாலை ஆறு மணிக்குத் திரு ஹாட்ச் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் பார்க்க விரும்பிப் பார்க்கவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
(செல்வி) ஹிலரி ப்ரீஸ்

———

லாரல் காட்டேஜ்,
நெதர் கார்வி.
13 ஏப்ரல் 1994

அன்புள்ள மிஸ் ப்ரீஸ்,

மன்னித்துக்கொள்ளுங்கள். கூட்டை என் கணவர் மெரில் பார்த்துவிட்டார். அந்த இடத்தில் மட்டும் ஒரு முழம் வெட்டாமல் விட்டிருக்கிறார். உங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் கொண்டை போல ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறதே, அதுதான். குருவி திரும்பி வந்துவிட்டது. காலையிலிருந்து நாங்கள் இருவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு வேறு வேலையும் இல்லை.

மெரில் நாற்பத்தொரு வருடம் உருளைக்கிழங்கு விவசாயம் செய்தவர். போன இலையுதிர் காலத்தில் பண்ணையை மகன் கையில் கொடுத்தார். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற தம்பதிகளைப் பதினெட்டு மாதம் ஊழியத்துக்கு அனுப்புவார்கள். இளம் மிஷனரிகளை ஆள் இருக்கும் ஊர்களுக்கு அனுப்புவார்கள். மீதி ஊர்களுக்கு எங்களை மாதிரிக் கிழங்கள். ஊருக்கு உதவி செய்யுங்கள், மனங்கள் தானாகத் திறக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதனால் மெரில் வீடு வீடாகப் போய் "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று கேட்டார். எல்லோரும் நன்றி சொன்னார்கள். திரு பஃப்டன் வீட்டுக் கூரையில் பாதி இல்லை. அவர் வாசலில் நின்று, "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க, கூரை கொஞ்சம் காத்தோட்டமா இருக்கு, அவ்வளவுதான்" என்றார். கேட்டால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்று முடிவு செய்து, மெரில் நேற்று முன்தினம் கேட்காமல் செய்துவிட்டார்.

திருமதி கிட்டின்ஸ் ஒருவர்தான் உள்ளே கூப்பிட்டார். டீ போடப் போனார். நாங்கள் டீ குடிப்பதில்லை என்றேன்.

"சரி, காபி?"

"அதுவும் இல்லீங்க. எங்க சபையில விலக்கு."

"அப்போ என்னதான் குடிப்பீங்க?"

"வெந்நீர் கொடுங்க, போதும்."

கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்புக்கு என்னம்மா?" என்றார்.

உங்கள் கதவை இனி நான் தட்ட மாட்டேன். இது வாக்கு. கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, என் அம்மாவுக்கு இது பெரிய தொந்தரவாக இருந்தது.

அன்புடன்,
வெர்டா ஹாட்ச்

———

பம்ப் காட்டேஜ்
20 ஏப்ரல் 1994

அன்புள்ள திருமதி ஹாட்ச்,

கொண்டையைப் பார்த்தேன். நான்கு முட்டைகள் இருக்கின்றன. இதை உங்கள் கணவரின் கணக்கில் வரவாக வைக்கிறேன்.

பஃப்டனின் கூரை போய் ஏழு வருடமாகிறது. எப்போது கேட்டாலும் "பாத்துக்கிட்டிருக்கேன்" என்பார். உண்மையில் அதைத்தான் செய்கிறார், படுத்தபடியே. அதைச் சரிசெய்ய நீங்கள் முன்வந்தால், அவர் உங்களுக்குப் பதிலுக்கு என்ன செய்வது என்ற கவலையில் விழுவார். இங்கே யாரும் உதவியை வெறுப்பதில்லை. அதற்குப் பிறகு வரும் உறவுதான் பயம்.

வெந்நீர் விஷயம் ஊர் முழுவதும் பரவிவிட்டது. உங்களுக்குக் குடலில் ஏதோ என்று முடிவாகியிருக்கிறது. எல்லோரும் உங்களிடம் கனிவாக நடந்துகொண்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஹிலரி ப்ரீஸ்

———

லாரல் காட்டேஜ்
3 ஜூலை 1994, ஞாயிறு

அன்புள்ள மிஸ் ப்ரீஸ்,

நேற்றுக் கடையில் நீங்கள் "காத்து மேற்கே திரும்பிடுச்சு" என்றீர்கள். நான் "ஆமாங்க, மழை வரும் போலிருக்கு" என்றேன். இந்த வாரம் மெரிலைத் தவிர வேறொரு மனிதரிடம் நான் பேசியது அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

எங்கள் ஞாயிறு எப்படி என்று சொல்கிறேன். ஆறு மணிக்கு எழுந்து பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு ஒன்பது மைல் காரில் போகிறோம். டவுனில் கால்நடைச் சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகைக் கூடம், அதுதான் எங்கள் தேவாலயம். சனிக்கிழமை அங்கே வாலிபர்களின் நடனம் நடக்கும், ஞாயிறு காலை தரையெல்லாம் காலி மது பாட்டில். எங்கள் சபையில் மதுவைத் தொடக் கூடாது. தொடாமல் பாட்டில் பொறுக்குவது எப்படி என்று மெரில் முதல் வாரம் ரொம்ப யோசித்தார். இரண்டாம் வாரம் கையுறை வாங்கினார்.

பிறகு நாற்காலி போடுவார். நாற்பது நாற்காலி. வருகிறவர்கள் ஐந்து பேர். காது கேட்காத முன்னாள் ரயில் டிரைவர் ஒருவர், ஒரு நர்ஸும் அவள் பிள்ளைகள் இருவரும், எங்கள் பாட்டுப் பிடித்துப்போய் வரும் ஒரு அம்மாள். மழை பெய்தால் மூன்று பேர். வெயில் அடித்தாலும் மூன்று பேர், இங்கே வெயிலை யாரும் வீணாக்குவதில்லை.

"எதுக்குங்க நாப்பது?" என்று இன்று கேட்டேன்.

"வந்துட்டாங்கன்னா?"

"யாரு?"

"வர்றவங்க."

"பத்துப் போட்டாலே அஞ்சு காலியாத்தானே கிடக்கும்."

"இங்க பாரு வெர்டா, பத்துப் போட்டா நாம பத்துப் பேரைத்தான் எதிர்பாக்கறோம்னு ஆயிடும்."

மதியம் 'வராமல் போனவர்கள்' பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். முப்பத்தொரு பெயர் இருக்கிறது. இன்று ஒரு அம்மாள் கதவை ஒரு விரற்கடை திறந்து, "நான் செத்துட்டேன்னு எழுதிக்கோங்க" என்றாள்.

"பொய் எழுத முடியாதும்மா" என்றார் மெரில்.

"அப்போ வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டேன்னு எழுதுங்க."

"எந்த ஊருக்குன்னு போடணுமே."

"அது எனக்கெப்படித் தெரியும்? நான்தான் போயிட்டேனே!"

மெரில் கார் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். காரில் ஏறியதும் பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

இதையெல்லாம் நான் என் தங்கைக்கு எழுதலாம். முடியாது. ஊழியத்திலிருந்து வரும் கடிதங்களை எங்கள் ஊர்ச் சபையில் மேடையேறி வாசிப்பார்கள். அதனால் மாதாமாதம் ஒன்றையே எழுதுகிறேன். மலைகள் பச்சையாக இருக்கின்றன, மக்கள் அன்பானவர்கள், ஊழியம் முன்னேறுகிறது. இதில் பச்சை மட்டும் நிச்சயம்.

நான் எழுதி, உரக்க வாசிக்கப்படாத கடிதம் இந்த உலகத்தில் உங்களுக்குப் போவது ஒன்றுதான்.

வெர்டா ஹாட்ச்

———

பம்ப் காட்டேஜ்
9 ஜூலை 1994

அன்புள்ள திருமதி ஹாட்ச்,

உங்கள் கடிதத்தை உரக்க வாசிக்கவில்லை. வாசித்தால் கேட்க ஆளும் இல்லை.

நான் இந்த ஊர்த் தேவாலயத்தின் மணிக்கூண்டுப் பொறுப்பாளர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிறு காலை நீங்கள் கார் கிளப்பும் நேரத்தில் நாங்கள் அடிக்கத் தொடங்குகிறோம். எங்களிடம் ஆறு மணிகள், ஆறு கயிறுகள், ஐந்து பேர். ஆறாவது கயிறு என் அக்கா மார்ஜரியுடையது. நாற்பது வருடம் இந்த வீட்டில் நாங்கள் இருவரும்தான். அவள் போய் மூன்று வருடமாகிறது. கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருக்கிறோம்.

ஐந்து மணிகளை அடுத்தடுத்து அடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். இசைக்கு அது போதும். நாங்கள் ஐந்தாவதுக்குப் பிறகு ஒரு மணிக்கான இடத்தை விட்டுவிட்டுத்தான் தொடங்குகிறோம். நான் விடச் சொல்லவில்லை. மற்றவர்களும் ஏன் என்று கேட்டதில்லை. பஃப்டன்கூட அந்த இடத்தில் சரியாக நிறுத்துவார், வேறெதிலும் அவருக்கு அந்தக் கவனம் இல்லை.

ஆகவே நாற்பது நாற்காலிக்காக உங்கள் கணவரைக் கேலி செய்யும் நிலையில் நான் இல்லை.

வேலியை வெட்டியதும் மார்ஜரிதான். ஒவ்வொரு பிப்ரவரியிலும், கைக்கத்தரியால், நூல் பிடித்த மாதிரி. அவளுக்குப் பிறகு வேறு யாரும் தொட வேண்டாம் என்று நினைத்தேன். உங்கள் கணவர் அவளைவிடக் கோணலாக வெட்டியிருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டாம்.

ஹிலரி ப்ரீஸ்

———

லாரல் காட்டேஜ்
30 அக்டோபர் 1994

அன்புள்ள மிஸ் ப்ரீஸ்,

இதை மெரில் தூங்கும் மதிய நேரத்தில் எழுதுகிறேன். நான் எடுத்திருக்கும் ஒரு முடிவு அவருக்கு இன்னும் தெரியாது. முதலில் உங்களுக்குச் சொல்வது சரியா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் கடைசி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் குழந்தை அழுவதைக் கேட்கவைத்தாள். நான் தனியாக இந்தச் சமையலறையில் நின்றுகொண்டு கேட்டேன். பிறகு போனை வைத்துவிட்டு, செய்தியைச் சொல்ல யாராவது கிடைப்பார்களா என்று தெருவில் இறங்கி நடந்தேன். கடை மூடியிருந்தது. பஃப்டன் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்குப் பேத்தி பிறந்திருக்கா, மிஸ்டர் பஃப்டன்!"

"அப்படியா" என்றார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "நாளைக்கு மழை விட்டுக் காஞ்சுடும்னு நினைக்கிறேன்."

அவர் சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். இந்த எட்டு மாதத்தில் உங்கள் ஊர் முகங்களை ஓரளவு படிக்கப் பழகிவிட்டேன். ஆனால் நான் வீடு திரும்பி, பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். உங்கள் ஜன்னலில் விளக்கு எரிந்தது. நீங்கள் பார்த்திருக்கலாம்.

ஜனவரியில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றிருக்கிறேன். எங்களை விடுவிக்கச் சொல்லித் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அலமாரியில் மாவு டப்பாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் மெரிலிடம் காட்டுவேன். அவர் மறுக்க மாட்டார். பேசாமல் பெட்டி கட்டுவார், அதுதான் கஷ்டம். ஊரில் எல்லோரும் என்ன பலன் கிடைத்தது என்று கேட்பார்கள். அவருக்குப் பொய் சொல்ல வராது. வேலி வெட்டினேன் என்பார்.

உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. யாருக்காவது தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

வெர்டா ஹாட்ச்

———

பம்ப் காட்டேஜ்
2 நவம்பர் 1994

அன்புள்ள திருமதி ஹாட்ச்,

பேத்திக்கு என் வாழ்த்துகள். பஃப்டன் மறுநாள் மாலை மணிக்கூண்டில் எல்லோரிடமும் சொன்னார். "அந்த வெந்நீர் அம்மாவுக்குப் பேத்தி" என்று சொல்லித் தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பியைக் கழற்றி நான் அதற்கு முன் பார்த்தது மார்ஜரியின் அடக்கத்தில்.

நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் தன் வீட்டுக்குத் திரும்புவது அவர் விருப்பம். தகவலுக்காக: வேலி ஏப்ரலிலிருந்து ஒன்றரை அடி வளர்ந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் அடுத்த கோடைக்குப் பிறகு உங்கள் ஜன்னல் எனக்குத் தெரியாது.

இது வேறு விஷயம். மணிக்கூண்டில் ஓர் ஆள் குறைவு. உங்கள் கணவருக்குத் தோள்வலு இருப்பது என் வேலிக்குத் தெரியும். அவருக்கு இஷ்டமிருந்தால், உங்கள் சபையும் அனுமதித்தால், வரும் புதன் மாலை ஆறு மணிக்குப் பயிற்சிக்கு வரலாம். ஆறாவது கயிறு.

மணியடிக்கப் பழக ஒரு முழுக் குளிர்காலம் பிடிக்கும். பாதியில் விட்டுப் போகிறவர்களுக்கு நான் கற்றுக்கொடுப்பதில்லை. இதை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஹிலரி ப்ரீஸ்

———

லாரல் காட்டேஜ்
18 டிசம்பர் 1994

அன்புள்ள மிஸ் ப்ரீஸ்,

உங்கள் போன கடிதத்தின் கடைசி இரண்டு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். மாவு டப்பாவுக்குக் கீழே இருந்ததைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். மெரிலுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

மணிக்கூண்டில் நடப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், ஆனால் வீட்டில் அவர் எப்படியிருக்கிறார் என்பது தெரியாது. முதல் புதன் உள்ளங்கை கொப்புளித்து வந்து, கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"மூணு தடவை என்னைத் திட்டினாங்க, வெர்டா."

"யாரு, மிஸ் ப்ரீஸா?"

"'கயித்தைப் பிடிச்சுத் தொங்காதீங்க, அது மாடில்ல'ன்னாங்க. பஃப்டன் என் முதுகில தட்டி, 'எனக்கு ஆறு தடவை திட்டு விழுந்துச்சு, நீங்க தேவலாம்'னாரு."

பத்து மாதத்தில் இந்த நாட்டில் ஒருவர் அவரைத் தொட்டது அன்றுதான். அதையே இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று காலை முதல்முறையாக அவரை ஞாயிறு மணிக்கு நிற்கவைத்தீர்கள். நான் சமையலறையில் நின்று கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிறகு, இத்தனை மாதமாக ஒன்றும் இல்லாத இடத்தில், கொஞ்சம் தாமதமாக, ஆறு. கையிலிருந்த தட்டை வைத்துவிட்டேன். நீங்கள் கயிற்றைப் பிடித்தபடி எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று மெரில் சொன்னார். நான் அதை இங்கே எழுதவில்லை.

எட்டேமுக்காலுக்கு உங்கள் தேவாலயத்துக்கு ஊரைக் கூப்பிட்டுவிட்டு, ஒன்பது மைல் ஓட்டிப் போய் எங்கள் தேவாலயத்தில் நாற்பது நாற்காலி போட்டார். ஐந்து பேர் வந்தார்கள். அவருக்கு இரண்டும் ஒரே சந்தோஷமாக இருந்தது.

ஒரு சிறிய சிக்கல். வாராவாரம் தலைமையகத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். மூன்றாம் கேள்வி: 'இந்த வாரம் எத்தனை பேரைத் தேவாலயத்துக்கு அழைத்தீர்கள்?' இத்தனை நாள் பூஜ்யமோ ஒன்றோ போடுவார். இன்று 312 என்று எழுதினார்.

"என்னங்க இது?"

"ஊரோட ஜனத்தொகை. மணிச் சத்தம் எல்லார் காதுலயும்தானே விழுந்துச்சு?"

"அது நம்ம தேவாலயம் இல்லையே."

"எந்தத் தேவாலயம்னு படிவத்துல கேக்கலையே, வெர்டா. கேட்டதுக்குத்தான் பதில் எழுதணும்."

இங்கே வந்ததிலிருந்து எந்தப் படிவத்தையும் அவர் இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நிரப்பியதில்லை. தடுக்க மனம் வரவில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உங்கள் தபால் துவாரத்தில் நான் அடுப்பில் சுட்ட ஆப்பிள் பை நுழையாது என்பதால் வேலியின் மேல் வைத்திருக்கிறேன்.

வெர்டா

———

லாரல் காட்டேஜ்
27 ஜனவரி 1995

அன்புள்ள மிஸ் ப்ரீஸ்,

ஆப்பிள் பை வைத்த தட்டைக் கழுவி வேலியிலேயே திருப்பி வைத்ததற்கு நன்றி.

இன்று தலைமையகத்திலிருந்து போன் வந்தது. மெரிலின் படிவங்கள் அங்கே பெரிய பரபரப்பாகியிருக்கின்றன. ஒரே கிராமத்தில் ஐந்து வாரமும் வாரத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள். வாலிப மிஷனரிகள் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார்களாம்.

"எப்படிச் சாதிச்சீங்க, பிரதர் ஹாட்ச்?"

"கயிறு இழுத்தேங்க" என்றார் மெரில்.

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "என்ன தாழ்மை!" என்றது குரல்.

"இல்லீங்க, நிஜமாவே கயிறுதான். பக்கத்துத் தேவாலயத்து மணி. அவங்க ஆராதனைக்கு."

"புரியுது பிரதர். பக்கத்து வீட்டுக்காரனோட மணியை நாம அடிக்கணும். உவமையாவே பேசறீங்க."

மெரில் மூன்றாவது தடவையும் விளக்கினார். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவர்களை முந்நூறு பேர் ஊரில் வைத்திருக்கலாமா என்று யோசித்து, எங்களைக் கோவென்ட்ரிக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஜனம் லட்சக்கணக்கில் இருக்கிறதாம். ஊழியத்தில் மாற்றலுக்கு மறுப்புச் சொல்லும் வழக்கமில்லை.

அக்டோபரில் போய்விட வேண்டும் என்று நான் ஏங்கியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மெரில் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காய்ப்பு இப்போதுதான் கட்டியிருக்கிறது. "குளிர்காலம் முடியலையே. பாதியில விட்டுட்டுப் போறவன்னு நினைப்பாங்களே" என்கிறார். அப்படி நினைக்காதீர்கள்.

பிப்ரவரி 4, சனிக்கிழமை, காலை பத்து மணிக்குக் கிளம்புகிறோம்.

வெர்டா

———

பம்ப் காட்டேஜ்
1 பிப்ரவரி 1995

அன்புள்ள திருமதி ஹாட்ச்,

மாற்றல் செய்தி கிடைத்தது. இங்கிலாந்தில் திறமைக்கும் இதே தண்டனைதான். உங்கள் சபை நன்றாகவே வேரூன்றியிருக்கிறது.

திரு ஹாட்ச் பாதியில் விட்டவராகக் கருதப்பட மாட்டார். ஆறாவது மணி இன்னும் ஒரு நொடி தாமதமாகத்தான் விழுகிறது. எங்களுக்கு அது பழகிவிட்டது.

சனிக்கிழமை காலை நான் வீட்டில்தான் இருப்பேன்.

ஹிலரி ப்ரீஸ்

———

கோவென்ட்ரி
12 பிப்ரவரி 1995

அன்புள்ள மிஸ் ப்ரீஸ்,

இங்கே ஐந்தாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக ஒருவர் இருமுவது கேட்கிறது. இரண்டு முறை லிஃப்டில் பார்த்தோம். வானிலையைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை. மெரில் இன்று அறுபது நாற்காலி போட்டார். பதினாறு பேர் வந்தார்கள். எண்ணிக்கையில் முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். ஊருக்கு அப்படித்தான் எழுதினேன்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். பெட்டியெல்லாம் ஏற்றிய பிறகு உங்கள் வாசல் வரை வந்தேன். படிக்குக் கீழே நின்றேன். உங்கள் புகைபோக்கியில் புகை வந்தது. மெரில் கார் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"போய்த் தட்டேன்."

"தட்ட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"அது பத்து மாசத்துக்கு முன்னாடி சொன்னது!"

"வாக்குக்கு எத்தனை மாசங்க ஆயுசு?"

"அவங்களே வீட்டுல இருப்பேன்னு எழுதியிருக்காங்க, வெர்டா."

"வீட்டுல இருப்பேன்னுதான் எழுதியிருக்காங்க. வாங்கன்னு எழுதலை."

ஒருவேளை நீங்களாகவே கதவைத் திறப்பீர்கள் என்று பத்து நிமிடம் நின்றேன். மழை தூற ஆரம்பித்தது. கோபமில்லை. உங்களுக்கு விருப்பமில்லாததை நான் செய்யவில்லை என்பது ஒரு ஆறுதல். பெரிய ஆறுதல் இல்லை.

உங்கள் வீட்டுக்குள் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஜன்னலில் தெரிந்த அளவு தெரியும். இரண்டு நாற்காலி, ஒன்றின் மேல் எப்போதும் செய்தித்தாள்.

வெர்டா

———

பம்ப் காட்டேஜ்
16 பிப்ரவரி 1995

அன்புள்ள வெர்டா,

வீட்டில்தான் இருந்தேன். ஒன்பதரை மணிக்கு மேஜையில் துணி விரித்தேன். செய்தித்தாள்களை எடுத்து அடுப்பறைப் பெட்டியில் போட்டேன். மார்ஜரியின் கோப்பையைக் கழுவித் துடைத்தேன். வெந்நீர் தயாராக இருந்தது. எனக்கும் வெந்நீர்தான், ஒரு நாள் குடித்தால் என்ன ஆகும் என்று பார்க்க உத்தேசம். பத்து மணிக்குக் கோட் மாட்டும் இடத்தில், கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். உங்கள் காலடி கேட்டது. தட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். திரு ஹாட்ச் சொன்னதும் நீங்கள் சொன்னதும் ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது.

கதவை உள்ளே இருந்தும் திறக்க முடியும் என்பது, உங்கள் கார் வளைவைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவள் நான்.

உங்கள் அம்மாவின் சிரமம் எனக்கு இப்போது விளங்குகிறது. இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். பிறகு அது சரியான முகவரிக்கு வந்து சேர்ந்தது.

நேற்றுப் புதன்கிழமைப் பயிற்சி. "அமெரிக்காக்காரர் கயித்தைச் சுருட்டி மாட்டிடட்டுங்களா?" என்று பஃப்டன் கேட்டார். "வேண்டாம், தொங்கட்டும்" என்றேன். ஐந்தாவதுக்குப் பிறகு இடம் விட்டோம். எப்போதும் விடுவதைவிட ஒரு நொடி அதிகமாகவே விட்டோம். எல்லோரும் ஒரே மாதிரி விட்டார்கள், நான் யாருக்கும் சொல்லவில்லை.

இது பிப்ரவரி. மார்ஜரியின் கத்தரியை எடுத்து வேலியை நானே வெட்டினேன், இடுப்பளவுக்கு. திரு ஹாட்சைவிடக் கோணலாக வந்திருக்கிறது. இதை நீங்கள் அவரிடம் சொல்லலாம். உங்கள் சமையலறைக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஆறு மணிக்கு அங்கே விளக்கு எரிவதில்லை.

கோவென்ட்ரியிலிருந்து இங்கே வர இரண்டு ரயில், ஒரு பஸ். பஸ் வியாழனும் சனியும் மட்டும். தகவலுக்காகச் சொன்னேன்.

கடைசியாக, கடந்த ஏப்ரல் 12ஆம் தேதி நான் எழுதிய கடிதம் தொடர்பாக. அதன் முதல் இரண்டு பத்திகளில் மாற்றமில்லை. ஏப்ரலில் வேலியை வெட்டக் கூடாது. நான்காம் பத்தியில், பார்க்க விரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தேன். அது உண்மையல்ல. மூன்றாம் பத்தியை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன்.

ஹிலரி